முதலாளி தோட்டத்து முட்டை

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. போனிலேயே சொல்லக்கூடியதைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். போனை எடுத்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இருபது வருடம் அவரிடம் டிரைவராக இருந்த நீங்கள் சொன்னதால், பைப் கம்பெனி முதலாளி என்னை அலுவலக வேலைக்காக வந்து பார்க்கச் சொன்னார். அப்பாவும் துணைக்கு வந்தார். வேலை கேட்டு வருகிறவர்கள் முதலில் வீட்டுக்குப் பின்னால் அவர் கட்டியிருக்கும் 'பூதத்தின் தோட்ட'த்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லவில்லை. வாசலில் 'தனியார் இடம். வியக்காமல் கடக்காதீர்' என்று பலகை. ஆள் உயரத் தேநீர்க் கோப்பை, பாலமாகக் கிடக்கும் சீப்பு, ஒரு பூட்ஸுக்குள் வீடு. யார் எத்தனை முறை 'ஆஹா' சொல்கிறார்கள் என்று மேனேஜர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நான் சொன்ன ஆஹா எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா, வாயே திறக்கலை? பிடிக்கலையா?" என்றார் முதலாளி.

"பேச்சு மூச்சே நின்னுடுச்சுங்க ஐயா" என்று அப்பா காப்பாற்றினார். ஆனால் கொத்தனார் கண் சும்மா இருக்குமா? கட்டட வேலை முடிந்து நேராக வந்தவரைப்போல் பையோடு வந்திருந்தார், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து பூட்ஸ் வீட்டின் சுவரில் விட்டுவிட்டார்.

"ஐயா, இது ஒரு சாண் சாய்ஞ்சிருக்கு. எவன் கட்டினான்?"

"சாயணும்னுதான்யா கட்டினேன்!"

அப்பா என் காதில், "சாய வைக்க ஒரு ஆளு வேணுமா? விட்டா தானா சாயுமே" என்றார்.

கடைசியில் யானை அளவு முட்டை ஒன்று. அதில் ஒரு முழத்துக்கு விரிசல். அப்போது போன் வந்ததால் முதலாளி வீட்டுக்குள் போனார், மேனேஜரும் பின்னாலேயே போனார். பக்கத்தில் யாரோ குழைத்து வைத்த கலவை ஒரு சட்டி ஈரமாக இருந்தது. உடைந்த செங்கல் இருந்தது. அப்பாவின் பையில் பூசும் கரணையும் இருந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது விரிசல் இல்லை.

நான்கு மணிக்கு அந்த விரிசல் வழியாகத்தான் டிராகன் குட்டி தலையை நீட்ட வேண்டுமாம், உள்ளே மோட்டார் வைத்திருக்கிறாராம். மணி அடித்தது. உள்ளே டொக் டொக் என்று சத்தம் மட்டும் வந்தது.

"ஐயோ, என் டிராகன்! யாருடா பூசினது?"

"நான்தாங்க. கை பழக்கம்" என்றார் அப்பா. மேனேஜர் முதலாளியின் 'ஐயோ'வுக்கும் ஒரு கோடு போட்டார்.

திங்கட்கிழமை கம்பெனி ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா மன்னிப்புக் கேட்டால் எனக்கு வேலையாம். அப்பா உடனே தலையாட்டிவிட்டார். வெள்ளைச் சட்டையை இப்போதே துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் இருவர் ஆசியையும் வேண்டும்,
தம்பி மகள்

பி.கு.: பெரியப்பா, பூசியது நான். அப்பா அப்போது பூட்ஸ் வீட்டின் இன்னொரு சுவரை அளந்துகொண்டிருந்தார். பட்டம் வாங்கியதும் இனிமேல் கரணையைத் தொடமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்திருந்தேன். முதலாளி கத்தியபோது எனக்கு வாய் வரவில்லை, அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். திங்கட்கிழமை அவரைப் போகவிடாதீர்கள். நான் போகிறேன். எனக்குப் பேச்சு வரும்வரை நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.