மூன்று சனிக்கிழமை விருந்தாளி

ராணுவ லாரியிலிருந்து இறங்கிய டெஸ்மண்ட் லோமாக்ஸின் முகம், துக்கம் விசாரிக்க வந்தவன் முகம் போல இருந்தது. ஹெர்பர்ட் சக்டன் அதைக் கவனிக்காமல் கைகுலுக்க ஓடினார்.

சக்டன்தான் ப்ராக்கன்ஷா கால்பந்து கிளப்பின் செயலாளர். ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை யுத்தம் கொண்டுபோய்விட்டது. மிச்சப் பேரை வயது கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இனியும் கூட்டம் சேராவிட்டால் மைதானத்தை உழுது உருளைக்கிழங்கு போட்டுவிடுவோம் என்று நகரசபை சொல்லிவிட்டது.

அந்த நேரத்தில்தான், இங்கிலாந்துக்கே ஆடிய லோமாக்ஸ் பக்கத்து விமானப்படை முகாமில் இருக்கிறான் என்ற சேதி கிடைத்தது. யுத்த காலத்தில் எவரும் எந்தக் கிளப்புக்கும் விருந்தாளியாக ஆடலாம். சக்டன் முகாம் கமாண்டருக்குப் போன் போட்டார்.

"லோமாக்ஸா? தாராளமா வச்சுக்கங்க. மூணு சனிக்கிழமை. ஒண்ணே ஒண்ணு, கடைசி நிமிஷம் வரைக்கும் ஆட வைக்கணும். பாதியில வெளியே விட்டுடாதீங்க."

"என்ன மனசுடி அந்த மனுஷனுக்கு!" என்று மனைவி எடித்திடம் சொல்லி மாய்ந்துபோனார் சக்டன்.

முதல் சனிக்கிழமை ஊரே திரண்டு வந்தது. லோமாக்ஸ் பந்தைப் பார்த்தான். பந்தும் அவனைப் பார்த்தது. அதோடு சரி. ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள்.

"இவனா இங்கிலாந்துக்கு ஆடினவன்? என் மாமியார் இதைவிட வேகமா ஓடுவாங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

சக்டன் யோசித்தார். முகாம் சாப்பாட்டில் என்ன தெம்பு இருக்கும்? அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாலேயே அவனை வீட்டுக்கு அழைத்துப் போனார். எடித் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, அந்த வார ரேஷன் பன்றி இறைச்சி முழுவதையும், ஒளித்து வைத்திருந்த முட்டைகளையும் வறுத்துப் போட்டாள்.

லோமாக்ஸுக்குக் கண் கலங்கியது. "இவ்வளவு நல்லவங்களா இருக்கீங்க. உங்களைப் போய் எல்லாரும்..." என்று ஆரம்பித்தவன், சட்டென்று முட்டையை வாயில் அடைத்துக்கொண்டான்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு அல்லவா? அன்று இரண்டாம் பாதியில் லோமாக்ஸ் கோல் கம்பத்தில் சாய்ந்து கண்ணயர்ந்தான். எட்டு கோல்.

"என் முட்டையெல்லாம் போச்சு," என்றாள் எடித்.

"பசி இல்லடி, கௌரவப் பிரச்சினை. பெரிய ஆளு. நாமதான் மரியாதை கொடுக்கத் தெரியாம இருக்கோம்."

மூன்றாம் சனிக்கிழமை லோமாக்ஸைக் கேப்டனாக்கினார் சக்டன். பன்னிரண்டு வருஷமாகக் கேப்டனாக இருந்த கசாப்புக்கடை ஜோசயா சட்டையைக் கழற்றிச் சக்டன் தோளில் போட்டார்.

"அப்ப நீங்களே ஆடிக்கங்க. ஞாயித்துக்கிழமை கறிக்கும் வேற கடை பாத்துக்கங்க."

கோல் காக்கும் தன் தம்பியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில், ஐம்பத்தாறு வயது சக்டனே அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு கோலில் நிற்க வேண்டியதாயிற்று. மொத்தமே பத்துப் பேர். மைதானத்துக்கு வெளியே நகரசபைத் தலைவர் மண்ணைக் கையிலெடுத்துப் பிசைந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னிக்கு ஒரு நாள்தாம்ப்பா. இதோட முடிஞ்சுது," என்று கெஞ்சினார் சக்டன்.

லோமாக்ஸ் நிமிர்ந்தான். "ஆமா, இல்ல? இன்னிக்கோட முடிஞ்சுது!"

அதன்பிறகு அவன் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது, பேயாட்டம். சக்டன் மூன்று கோல்களை விட்டார். ஒன்றை விட்டபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். லோமாக்ஸ் நாலு போட்டான். விசில் ஊதியதும் நகரசபைத் தலைவர் கையிலிருந்த மண்ணை வானத்தில் எறிந்துவிட்டுக் குதித்தார். "உருளைக்கிழங்கை வேற எங்கயாவது போட்டுக்கலாம்யா!"

சக்டன் அதே அரைக்கால் சட்டையோடு ஓடிப்போய்க் கமாண்டருக்குப் போன் போட்டார். "லோமாக்ஸ் சீசன் முடியற வரைக்கும் வேணும் சார்!"

மறுமுனையில் கமாண்டர் குரலைத் தாழ்த்தினார். "சீசன் முடியற வரைக்குமா? எனக்கே மனசு கேக்கலையே. சரி, நீங்க சொன்னா காரணம் இருக்கும்."

சக்டன் லாரியை நோக்கி ஓடினார். லோமாக்ஸ் சீட்டியடித்துக்கொண்டு பூட்ஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நல்ல சேதி! சீசன் முழுக்க நீ எங்களுக்குத்தான். கமாண்டரே சொல்லிட்டார்!"

சீட்டி நின்றது. லோமாக்ஸ் அப்படியே லாரிப் படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

சக்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. லாரி ஓட்டிவந்த ராணுவப் பெண் ஐவியிடம் திரும்பினார். "ஏம்மா, சந்தோஷத்துல அழறானா?"

ஐவி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா சார்? எங்க முகாம்ல சின்னத் தப்புன்னா பாத்திரம் தேய்க்கணும், நடுத்தரத் தப்புன்னா கக்கூஸ் கழுவணும். கமாண்டரோட காரைக் கொண்டுபோய்க் குளத்துல இறக்கினாத்தான் உங்க கிளப்."