முந்திரிக்காரர் வேட்டியில் வெடித்த நட்சத்திரம்

அன்பு மகள் செவ்வந்திக்கு, நம்மூர் வடக்குத்திலிருந்து அப்பா தெய்வசிகாமணி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் சுகம். புனேயில் உன் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், விஷயமோ சிரிக்கிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம்.

ஆயுத பூஜை அன்று பண்ருட்டி முந்திரிக்காரர் தன் பையன் சுதாகருக்கு உன்னைப் பேசி முடிக்க வந்துவிட்டார். காப்பி ஆறுவதற்குள், "தை மாசம் கல்யாணங்க. பொண்ணு ஆராய்ச்சிய வுட்டுட்டு வந்து நம்ம கடையில குந்திகினு கணக்கு பாத்தா போதும்," என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "படிப்பு இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுங்க," என்றேன். "அப்பிடி இன்னாதாங்க படிக்குது?" என்றார். கேட்டாரே மனுஷன்! நீ போனில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "பெரிய பெரிய நட்சத்திரம்லாம் ஆயுசு முடிஞ்சு வெடிக்குதுங்க. உள்ள வெந்த ஆக்சிஜன், சிலிக்கான், கொஞ்சம் இரும்பு எல்லாம் செதறிப் போயி, கேலக்ஸிக் கூட்டத்துக்கு நடுவுல இருக்கிற சூடான வாயுவுல கலந்துடுது. கூட்டத்தோட ஈர்ப்பு அத வெளிய வுடாது. எது எவ்ளோ இருக்குதுன்னு அந்த வாயுவுலேர்ந்து வர்ற எக்ஸ்ரே வெளிச்சத்த வச்சி எங்க பொண்ணு சொல்லிடும்." அவர் கொட்டாவி விட்டார். எனக்கு வந்ததே கோபம்! "வெளிய வாங்க, காட்றேன்," என்று சந்துக்கு அழைத்துப் போய், ஸ்கூட்டருக்குச் சுற்றி உடைக்க வாசலில் குங்குமம் அடைத்து வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கினேன். கை தவறிவிட்டதம்மா. அவர் காலடியிலேயே விழுந்து வெடித்தது. நம் சந்தும் ஒரு துண்டைக்கூட வெளியே விடவில்லை. வெள்ளை வேட்டி, பட்டுச் சட்டை, மீசை, எல்லாம் சிவப்பு. "இந்த சம்மந்தமே வாணாம்டா சாமி!" என்று காரில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றுத் தட்டை டங்கென்று வைக்கிறாள். நல்ல இடம் என் கையால் கெட்டுப்போனது, அப்பாவை மன்னித்துவிடு. ஆனால் அந்த நட்சத்திரங்களைப் பற்றிப் பேசும்போது உன் குரலில் ஒரு சந்தோஷம் வருகிறதே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், கண்ணு. அதைக் கேட்கத்தான் உன் ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் காத்துக் கிடக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நம் ஐயனார் உன் பக்கத்திலேயே நிற்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு.: கை தவறவில்லை. மைன்ஸ் வேலையில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் ஷிப்டுக்குப் பூசணிக்காய் உடைத்தவன் நான்தான், குறி தப்பியதே இல்லை. அம்மாவும் பேசாமல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குக் காப்பி டம்ளர் எடுக்கிற சாக்கில் என் காதோரம் குனிந்து, "புள்ள படிப்ப வுடச் சொல்றாரு, கேட்டுகினு குந்திகினு இருக்கிறீங்களே? பூசணிக்கா வாசல்லதான் இருக்குது," என்றதே அவள்தான். நீ படித்து முடித்துவிட்டே வா.