தோராவின் கூடத்தில் புகை கண்டறியப்பட்டது

போர்ன்ஹோம் தீவில் தோரா இருபத்தாறு வருடங்களாக ஹெர்ரிங் மீனுக்குப் புகை போட்டு விற்றுவந்தாள். அவள் மீனைத் தின்று யாருக்கும் வயிறு வலித்ததில்லை. கீழ்க்கரை உணவு நல அலுவலகத்துக்கு இது மிகுந்த கவலையை அளித்தது. புகாரே வராத இடத்தில் கண்காணிப்பு போதவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆகவே மேலாய்வாளர் பிரெபென், தலையில் வலைத்தொப்பியும் காலில் நீல உறையுமாக வந்து இறங்கினார். அடுப்பருகே நின்று இருமினார். எழுதினார்.

"என்ன சார் எழுதுறீங்க?"

"கூடத்துல புகை இருக்கு."

"புகை போடுற கூடம் சார் இது."

"மீனை நான் குறை சொல்லலம்மா. புகையைத்தான் சொல்றேன். அப்புறம், கை கழுவ ஒரு தொட்டிதான் வெச்சிருக்கீங்க."

"எனக்கு இருக்கறது ரெண்டே கை."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

தோரா இரண்டாவது தொட்டி கட்டினாள். அடுத்த மாதம் மீனுக்கென்று தனித் தொட்டி கேட்டார். அதற்கடுத்த மாதம், தொட்டி துடைக்கும் துணியை அலச ஒரு தொட்டி. அதற்கு அடுப்பு இருந்த இடம்தான் மிச்சம். அவளே கடப்பாறை எடுத்து அடுப்பை இடித்தாள். செங்கல்லில் காலைச் சூடு இன்னும் ஆறவில்லை. 

பிரெபெனுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. "எவ்வித உணவும் தயாரிக்கப்படாமையால் எவ்வித அபாயமும் இல்லை" என்று எழுதி, தீவின் முதல் உயர்தகுதிச் சான்றிதழைக் கொடுத்தார்.

"இனி நான் எதை சார் விக்கிறது?"

"கம்பெனி மீன் பாக்கெட்ல வருது. புகை வாசனையும் அவங்களே ஊத்திடறாங்க."

தோரா பாக்கெட்டுகளை வாங்கி அடுக்கினாள். சான்றிதழைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு பாக்கெட்டும் வாங்கிப் போனார்கள். கோடை விழாவன்று அந்த மீனைத் தின்ற நாற்பத்தொரு பேர் வாந்தியெடுத்துப் படுத்தார்கள்.

அலுவலகம் விரைந்து செயல்பட்டது. பாக்கெட்டைப் பிரிக்காமலேயே சோதித்தது. முத்திரை சரி, தேதி சரி, எழுத்தின் அளவும் சரி. "மீனில் குறையில்லை. உண்டவர்களின் வயிறுகள் உரிய தரத்தில் இல்லை" என்று அறிக்கை வந்தது.

தோரா மிச்சப் பாக்கெட்டுகளைக் குப்பையில் கொட்டக் கிளம்பினாள். வாசலில் பக்கத்து வீட்டு எஸ்பென், வெளிறிய முகத்தோடு நின்றான்.

"ரெண்டு பாக்கெட் குடுக்கா."

"மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தியேடா."

"அது என் வயித்துக் கோளாறு. அறிக்கை படிக்கலியா நீ?"

"இது வேணாம்டா. கொல்லையில ரெண்டு மீனுக்குப் புகை போட்டுத் தரேன்."

எஸ்பென் ஓரடி பின்னால் நகர்ந்தான். "அதுக்கு சான்றிதழ் இருக்காக்கா?"

அவனுக்குப் பின்னால் நின்ற எட்டுப் பேரும், நியாயமான கேள்விதான் என்று தலையாட்டினார்கள். தோரா பாக்கெட்டையே கொடுத்தனுப்பினாள்.

மதியம் வீட்டில் ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். அழுகிய நாற்றம் அடித்தது. திருப்பித் தேதியைப் பார்த்தாள். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தன் மூக்கைச் சற்று நேரம் சந்தேகத்தோடு தடவிக்கொண்டிருந்துவிட்டு, முள்கரண்டியை எடுத்தாள்.