பளபளக்காத வார்னிஷும் பதினேழு பொம்மையும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. வார்னிஷ் வாங்கி, பதினேழு பொம்மைக்கு ஒரு கை அடிக்கணும்.

கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கிற மண் பொம்மைங்க. எல்லாம் விரல் ஒசரம். என் வீட்டுக்காரி ஆரோக்கியம் ஒரு மாசமா உக்காந்து வண்ணம் தீட்டினது. மாதா முக்காட்டு ஓரத்துல கடுகு கடுகா பூ போட்டிருந்தா. என் கண்ணுக்கே தெரியல. "ஆஹா"ன்னு சொல்லி வச்சேன்.

கோந்து கலந்த சாயம், பனி பட்டா கரையும். அதுக்குத்தான் வார்னிஷ். ஆனா போன வருசம் அடிச்ச வார்னிஷ்ல பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டு, சூசையப்பர் எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறவர் மாதிரி மினுமினுத்தாரு. பங்குச் சாமியாரே சிரிச்சுட்டாரு.

"இந்தத் தடவை பளபளப்பே இருக்கக் கூடாதுங்க. நான் வல்லம் போயி அக்காளைப் பாத்துட்டு நாளைக்கு வந்துர்றேன். நாளன்னிக்குப் பொம்மை கோயிலுக்குப் போவணும்"னா ஆரோக்கியம்.

"இதெல்லாம் ஒரு வேலையா?"ன்னேன்.

நான் தாலுக்கா ஆபீஸ்ல நகல் எழுதுற குமாஸ்தா. பேனா பிடிக்கிற கைக்கு பிரஷ் பிடிக்க வராதா!

கடைத்தெருவுக்குப் போனேன். "பளபளக்காத வார்னிஷ் இருக்குதா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "பளபளக்கத்தானே சார் வார்னிஷு? யுத்த காலத்துல அதுவே ஒரு டப்பாதான் கெடக்குது. தேன்மெழுகை டர்பன்டைன்ல கரைச்சு இதுல கலந்துக்கோங்க. மழுங்கிடும். சுண்டக்கா அளவு போதும்."

சுண்டக்கா அளவுக்கே மழுங்கும்னா, எலுமிச்சங்கா அளவு போட்டா எப்படி மழுங்கும்!

போட்டேன்.

கொழகொழன்னு வந்துது. பதினேழுக்கும் தாராளமா அப்பினேன். துளி பளபளப்பு இல்ல. எனக்கே என் மேல மரியாதை வந்துடுச்சு.

காலையில பாத்தா, மூணு ராஜாக்களும் சுண்ணாம்புக் காளவாயிலேர்ந்து எழுந்து வந்தவங்க மாதிரி வெளுத்து நிக்கிறாங்க. தொட்டேன். ஒட்டிச்சு. ஒரு ராஜா வயித்துல என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சிடுச்சு.

வெயில்ல வச்சா காஞ்சிடும்னு வாசல்ல பழைய பேப்பரை விரிச்சு எல்லாத்தையும் படுக்க வச்சேன்.

மெழுகை வெயில்ல வச்சா இன்னா ஆவும்? அது எனக்கு அப்போ தோணல.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா வறுத்த மல்லாட்டைக் கடலையைத் தேச்சு, முறத்துல பொடைக்க ஆரம்பிச்சுது. செவப்புத் தோலெல்லாம் காத்துல பறந்து நேரா நம்ம வாசலுக்கு!

"அக்கா! நிறுத்துக்கா!"

"இன்னா தம்பி? நல்லா காத்து வருது, இப்பப் போயி நிறுத்தச் சொல்ற?"

ஓடிப்போய்ப் பொம்மையைத் தூக்கினேன். பேப்பரும் கூடவே வந்துது. பிச்சேன். ஒரு மேய்ப்பன் முதுகுல யுத்தச் செய்தி ரெண்டு வரி ஒட்டிக்கிச்சு, அதுவும் எழுத்து திரும்பி. மாதாவுக்கு மல்லாட்டைத் தோல்ல மீசை.

அப்பதான் ஆரோக்கியம் வந்து நின்னா.

மாதாவை மட்டும் கையில எடுத்தா. கண்ணு கலங்கிடுச்சு. "இந்த முகத்துக்கே மூணு நாளு ஆச்சுங்க"ன்னா.

கொஞ்ச நேரம் கழிச்சு, அவளே விளக்குமாத்துக் குச்சியில துணியைச் சுத்தி, டர்பன்டைன்ல முக்கி, மாதா காலடியில லேசா ஒத்திப் பாத்தா. மெழுகு துணியோட வந்துது. அப்போ மீசையும் வந்துடும். கோந்துச் சாயம் அசையல!

"ஏங்க, சாயம் நிக்குதுங்க!"

ரெண்டு பேரும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் தொடைச்சோம். நான் துணி சுத்திக் குடுத்தேன், அவ தொடைச்சா. பூவெல்லாம் பொழைச்சுது. லேசா தங்கின மெழுகு, கேட்டபடியே பளபளப்பு இல்லாம நின்னுது. கடைசியா ஆடுங்க கிட்ட வரும்போது டர்பன்டைன் தீந்துடுச்சு. ஒட்டின மல்லாட்டைத் தோலோட அப்படியே கோயிலுக்குக் கொண்டு போனோம்.

சாமியார் குனிஞ்சு பாத்தாரு. "அடடா! செம்மறின்னா இப்படித்தான் செவப்பா, ரோமமா இருக்கணும்! யாருப்பா செஞ்சது?"

"நான்தான் சாமி"ன்னேன், நெஞ்சை நிமுத்தி.

"ஆமாங்க சாமி, அதை மட்டும்தான் என்னால தொடைக்க முடியல"ன்னா ஆரோக்கியம்.

அப்புறம் எங்க வீட்டுக்கு எந்த டப்பா வந்தாலும், மூடியைத் தொறந்து குடுக்கிறது மட்டும்தான் என் வேலை.