நாபிப் பட்டை

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். கதவு திறக்கும் முன்பே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் வரிசை மாடிப்படி வழியாக இறங்கித் தெருவைத் தொட்டு, பக்கத்துக் கடை வாசலையும் மறித்து நின்றது. மேலே வீற்றிருந்தவர் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர்; தாமே சூட்டிக்கொண்டவர். குடல்ஞானி. மற்ற ஞானிகள் ஆன்மாவைத் தேடி அலைய, இவர் அதற்குச் சற்றுக் கீழே கடை விரித்துவிட்டார்.

வைத்தியம் எளிது. வெள்ளைப் பட்டை ஒன்றைத் தொப்புளின்மேல் ஒட்டிக்கொண்டால் மாலைக்குள் கறுத்துவிடும். குடலிலிருந்து உறிஞ்சிய நஞ்சாம் அது! கறுத்த பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சாப்பாட்டில் தொடங்கிக் குடும்பச் சண்டைவரை எல்லாவற்றையும் சொல்வார். முழுக்க இயற்கை முறை. நோயாளியின் பணப்பையைத் தவிர வேறெதுவும் இளைக்காது.

வரிசையில் ஒரு பேருந்து ஓட்டுநரும் இருந்தார். வண்டி கிளம்ப மணி அடித்தால் அவர் வயிறும் கிளம்பிவிடும். பாதி வழியில் பயணிகளைக் காக்கவைத்துவிட்டுக் கழிவறை தேடி ஓடுவார். "இன்னொரு தடவை வழியில நிறுத்தினா, சாவியை வச்சிட்டு வண்டி கழுவப் போயிடுங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

டாக்டரிடமும் போனவர்தான். அவர் சோதித்துவிட்டு, "குடல்ல புண்ணு, கட்டி எதுவும் இல்லைங்க. கொஞ்சம் சொரணை அதிகமான குடல். நேரத்துக்குச் சாப்பிடுங்க, எது ஒத்துக்கலைன்னு கவனிங்க, நடங்க, கவலையைக் குறைங்க. ரொம்பப் படுத்தினா இந்த மாத்திரை" என்றார். ஓட்டுநருக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு புரியும்படி பேசுகிறவர் என்ன டாக்டர்!

குடல்ஞானியோ, "மாத்திரையைத் தூக்கிப் போடு. பழச்சாறு மட்டும் குடி. கழிவறையில உட்காரும்போது மட்டும் பட்டையைக் கழட்டிடு, இல்லேன்னா நஞ்சு திரும்ப ஏறிடும்" என்றார். ஒன்றும் புரியவில்லை, ஆகவே நம்பிக்கை பிறந்தது. வயிறு மட்டும் அடங்கவில்லை. போதாததற்கு, பழச்சாற்றை மட்டும் நம்பி ஓட்டியதில் வளைவுகளில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நஞ்சு இறங்குகிற அடையாளம் என்று அதற்கும் விளக்கம் கிடைத்தது.

ஒரு நாள் காலை, பணிமனைக் கழிவறையில் புதுப் பட்டையை மடியில் வைத்துக் கசக்க மனமில்லாமல், சுவரிலிருந்த தண்ணீர்த் தொட்டியின்மேல் பத்திரமாக ஒட்டினார். வெளியே நடத்துநர் விசில் அடித்தார். இவர் எழுந்து ஓடினார். பட்டை தொட்டியோடு தங்கிவிட்டது.

மாலையில் வந்து பார்த்தால், கன்னங்கரேல்!

"என்னண்ணே, தொட்டியைப் பார்த்து மலைச்சுப்போய் நிக்கிறீங்க?" என்று நடத்துநர் எட்டிப்பார்த்தார்.

"தம்பி, இது என் வயித்தைத் தொடவே இல்ல. கறுத்திருக்கு!"

நடத்துநர் தொட்டியைத் தடவினார். வேர்த்ததுபோல் நீர் முத்து முத்தாக இருந்தது. "ஈரம் பட்டா கறுக்குது. அவ்வளவுதாண்ணே."

"என் கை பட்டுதே. கை வழியா நஞ்சு இறங்கியிருக்குமோ?"

"அட போங்கண்ணே! சரி, உங்க ஞானியையே கேப்போம். யாரு வயிறுன்னு மட்டும் சொல்லாதீங்க."

மறுநாள், தெரிந்த ஒருவருடையது என்று ஓட்டுநர் நீட்டிய பட்டையைக் குடல்ஞானி வெளிச்சத்தில் பிடித்தார்; கண்ணை மூடினார்; பெருமூச்சு விட்டார்.

"கெட்டுப்போன குடல். சின்ன வயசுலயே அப்பா மேல மனத்தாங்கல். ராத்திரி தூக்கம் கிடையாது. பொண்டாட்டி பேச்சைக் கேக்கறதே இல்ல."

"எங்க வீட்டுக்காரருக்கும் அச்சு அசலா இதையேதான் சொன்னாரு!" என்று வரிசையிலிருந்த ஓர் அம்மாள் மெய்சிலிர்த்தார்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "ஐயா, இவருக்குக் கல்யாணமே ஆகலைங்களே."

"ஆகும். அப்ப கேக்க மாட்டாரு."

"ஆகாதுங்கய்யா. இது எங்க பணிமனைக் கழிவறையில இருக்கிற தண்ணித் தொட்டி."

குடல்ஞானி கலங்கவில்லை, தொழில் சுத்தம் அப்படி. "அந்தத் தொட்டியைத் தொட்டவங்க நஞ்செல்லாம் அதுல இறங்கியிருக்கு" என்றார். பாதிக் கூட்டம் தலையாட்டவும் தொடங்கிவிட்டது.

நடத்துநர் மேசையிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். வெள்ளை. குடல்ஞானி குடிக்க வைத்திருந்த தம்ளரிலிருந்து தண்ணீரை அதன்மேல் தெளித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அது கறுத்தது.

"உங்க குடிதண்ணிக்கு என்ன வியாதிங்கய்யா? அதுக்கும் அப்பா மேல கோபமா?"

மெய்சிலிர்த்த அம்மாள்தான் முதலில் முன்னே வந்தார். "என் புருஷன் மாத்திரையை நிறுத்தச் சொன்னியேடா, பாவி!"

குடல்ஞானி தியானம் செய்யவேண்டும் என்று உள்ளறைக்குப் போனார். பின்படிக்கட்டு அங்கேதான் இருந்தது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் வேகமாகக் கழிந்தது அவர் ஒருவர்தாம்.

ஓட்டுநர் மறுபடி டாக்டரைப் பார்த்தார். மேலாளரிடம் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னார். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னய்யா?" என்று திட்டிவிட்டு, குறைந்த தூரத்து வண்டிக்கு மாற்றினார் மேலாளர். வயிறு இன்னமும் சில நாள் முரண்டு பிடிக்கிறது. ஆனால் வளைவில் கண் இருட்டுவதில்லை.

அந்த வரிசை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர், நகத்தைப் பார்த்துக் குடலைச் சொல்கிறவர் அடுத்த தெருவில் இருக்கிறாராமே என்று விசாரித்துக்கொண்டு நடந்தார்கள்.

பாவம், குடலையே குறை சொல்கிறோம். ஒத்துக்கொள்ளாததை அது உடனே வெளியே தள்ளிவிடுகிறது. எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் விழுங்கிக்கொள்கிறதே தலை, சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.