சல்லித் தண்ணீர்

பிரிட்ஜில் ஐந்து போத்தல்கள் இருந்திருக்க வேண்டும். நான்குதான் இருந்தன.

பிரகலாதன் மறுபடியும் எண்ணினான். கரையோரத்தில், மனைவி சோபனாவின் ஊரான சல்லி உட்பட, ஐந்து இடங்களில் கடல்நீர் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பது அவன் வேலை. ஆய்வுகூடத்துப் பிரிட்ஜ் பழுதானதால், விடியும்வரை லிங்கநகரிலுள்ள தன் வீட்டில் வைக்கலாமென்று கொண்டு வந்திருந்தான்.

"சோபனா, சல்லியெண்டு எழுதின போத்தல் எங்க?"

"அதுவா? தம்பி டிலக்சன் குடுத்துவிட்டதெண்டு நினைச்சன். எங்கட ஊர்த் தண்ணியில அவிச்சாத்தானே இறாலுக்கு ருசி. நீங்களும் ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே!"

அரசாங்கச் சொத்து அவன் வயிற்றுக்குள் இருந்தது. சல்லிக்காரர் கடற்பாசி வளர்க்க அனுமதி கிடைக்குமா என்பது அந்தத் தண்ணீரின் இரசாயன அளவுகளில்தான் தங்கியிருந்தது. திரும்பப் போய் அள்ளலாம். ஆனால் மாமனார் வல்லிபுரத்தின் வாசலைக் கடக்காமல் அந்தக் கரைக்குப் போக முடியாது. என்ன விஷயம் என்று கேட்டால், எந்த முகத்தோடு இறால் என்பது?

குழாய்த் தண்ணீரில் குசினி உப்பைக் கரைத்தான். நாக்கில் வைத்தான், கரித்தது. தண்ணீர் விட்டான், சப்பென்றிருந்தது. மறுபடி உப்பு. கடல் மாதிரித் தெரியவில்லையே என்று பூச்சாடி மணலில் ஒரு சிட்டிகை போட்டான். கூடவே ஓர் எறும்பும் மிதந்தது. எறும்பை எடுத்துவிட்டு, சல்லிப் போத்தலில் ஊற்றி மூடினான்.

"வெங்காயமும் வெட்டவோ?" என்றாள் சோபனா.

விடியற்காலை டிலக்சன் இடுப்பில் நனைந்த சாரத்தோடு குசினி வாசலில் நின்றான். "மீன் குடுக்க வந்தனான், அத்தான்."

அவன் முகத்தைப் பார்க்கவே பிரகலாதனுக்குக் கூச்சமாக இருந்தது. போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. உப்புப் பைக்கற்றில் 'அயடீன் சேர்த்தது' என்றிருந்ததை வாசித்த பிறகு, பரிசோதனையில் அது காட்டிக்கொடுத்துவிடுமே என்று தூக்கமும் போயிற்று.

முடிவு சொல்லும் நாளில் சல்லிக்காரர் ஆய்வுகூடத்துக் கதிரைகளை நிறைத்திருந்தார்கள். முன்வரிசையில் மாமனார். மேலதிகாரி சுலோஜனா தாளைப் புரட்டினார்.

"சல்லி..." என்று நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தார். "இப்பிடியொரு தண்ணிய நான் இந்தக் கரையில கண்டதே இல்ல."

பிரகலாதன் எழுந்துவிட்டான்.

"மிஸ், அது கடலே இல்ல! என்ட குசினியில கரைச்சது. கடல்தண்ணியில இறால் அவிச்சுச் சாப்பிட்டிட்டம்."

மாமனார் நிலத்தைப் பார்த்தார். பிரகலாதனுக்கு நிலத்துக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது.

"அவ்வளவு சுத்தமெண்டு சொல்ல வந்தனான்," என்றார் சுலோஜனா, கையெழுத்திட எடுத்த பேனையை மூடியபடி. "இனி இந்த வருசம் அனுமதி குடுக்க ஏலாது."

பின்வரிசையில் டிலக்சன் தலையில் கைவைத்தான்.

"ஐயோ அத்தான், உங்கட உப்புத்தண்ணிய அக்கா அண்டைக்கு விடியவே வெளிய ஊத்திப்போட்டா. நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடினது, அக்கா சொல்லி நான் சல்லிக் கடலில இறங்கி அள்ளின தண்ணி!"