ஃபினி முசியே சொன்ன மூன்று வருஷம்

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஓடிய பழைய கார்களில் ஒன்றுகூட, ஃபினி முசியேயின் வாயால் ஒருமுறை சாகாமல் ஓடியதில்லை. கார் என்ன, அதை வாங்க வந்தவன், விற்க வந்தவன், நடுவில் நின்ற புரோக்கர் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் செத்துத்தான் வீடு திரும்புவார்கள்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்கள் நெல்லித்தோப்பில் அது யாருக்கும் தெரியாது. வண்டியைச் சுற்றி வந்து, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, "ஃபினி" என்பார். முடிந்தது என்பதற்குப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்களாம். அந்த வார்த்தையே அவருக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர் என்பதால் பின்னால் ஒரு முசியே, அவர்கள் பாஷையில் ஐயா.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை, சட்டைப் பையில் ஒரு காந்தம். அந்தக் காந்தத்தின் புண்ணியத்தில் அவருடைய கைக்கடிகாரம் எப்போதும் நின்றே இருக்கும். மணி கேட்டால், "நின்னு போச்சு. எல்லாமே நிக்கிறதுதான்" என்பார். மணி கேட்டவனுக்கு வேலைக்குப் போகிற உற்சாகமே போய்விடும்.

காந்தம் எதற்கென்றால், எங்கள் ஊர்க் கடல் காற்று காரைத் தின்னும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் நின்ற வண்டிகளை அடியோடு தின்னும். தின்ற இடத்தில் பட்டி பூசி, தேய்த்து, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். முசியே காந்தத்தை எடுத்துக் கதவில் வைப்பார். உள்ளே இரும்பு இருந்தால் ஒட்டும். வெறும் பட்டி என்றால் பொத்தென்று விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஒரு ஜவுளிக்கடை முதலாளி மாதா கோயில் வாசலிலேயே தன் புதுப் பழைய காரைக் காட்டினார். முசியே காந்தத்தை முன்கதவில் வைத்தார், விழுந்தது. பின்கதவில் வைத்தார், விழுந்தது. கூரையில் வைத்தார், சறுக்கி வந்து முதலாளியின் கால்மேலேயே விழுந்தது.

"முதலியாரே, இதுல இரும்பு இருக்குது" என்றார் முசியே.

"எங்க முசியே?" முதலாளிக்கு முகம் மலர்ந்தது.

"உங்க கையில இருக்கிற சாவியில."

அதற்குமேல் ஒரு கல்யாண வீடு. அலங்காரம் செய்த காரில் பெண் ஏறுகிறாள். இவர் பாட்டுக்கு முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஃபினி, முதலியார்பேட்டை தாண்டாது" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அம்மா அங்கேயே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். வண்டி முதலியார்பேட்டையையும் தாண்டி, கடலூர்வரை போய், நல்லபடியாகத் திரும்பி வந்தது. முசியேயிடம் சொன்னேன். "திரும்பி வந்துச்சா? பாவம், இன்னும் கஷ்டப்படணும் அது" என்றார்.

ஏன் இந்த மனுஷன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சைகோனில் பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த வேலை, ரிப்பேராகி நடுவழியில் நின்ற வண்டிகளைக் கட்டி இழுத்து வருவது. வாலிபம் முழுக்க அதுதான். "ஓடுற வண்டியை எவன்பா என்கிட்ட காட்டினான்?" என்றார்.

கொஞ்ச காலத்தில் ஊர் சுதாரித்துக்கொண்டது. எல்லா வண்டியையும் சாகடிக்கிறாரே தவிர, எல்லாவற்றையும் ஒரே நாளில் சாகடிப்பதில்லை என்று கண்டுபிடித்தவர் புரோக்கர் கோவிந்தசாமி. "ஃபினி, சாயங்காலம்வரைக்கும் தாங்காது" என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. "தீபாவளி தாங்காது" என்றால் பேரம் பேசலாம். "ஒரு வருஷம் தாங்காது" என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அப்புறமென்ன, கோவிந்தசாமியே முசியேயைக் குடையோடு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார். "முசியே ஒரு வருஷம் தாங்காதுன்னு சொன்ன வண்டி சார் இது!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். வாங்குகிறவரும் சிரித்துக்கொண்டே முசியேவுக்குக் கும்பிடு போடுவார். முசியேவோ, தான் சாவுச் சேதி சொல்லச் சொல்ல ஜனங்கள் சிரிக்கிறார்களே என்று குடையை ஊன்றிக்கொண்டு பரிதாபமாகப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் சவரிக்கு மில் வேலை போனது. திறக்கும் திறக்கும் என்று காத்திருந்து, மில் வாசலில் புல் முளைத்ததுதான் மிச்சம். கைக்கு வந்ததையும் அண்ணி கழுத்தில் இருந்ததையும் சேர்த்து, ஒரு பழைய காரை வாங்கி டாக்சி ஓட்டுவது என்று முடிவெடுத்தான். நான் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் சம்பளத்தில் இரண்டு வீட்டு அடுப்பு எரியாது. கார் ஓடினால் சோறு, நின்றால் பட்டினி. இதைத் தவிர அந்த வீட்டில் அப்போது வேறு பேச்சே கிடையாது.

எங்கள் கைக்கு எட்டிய ஒரே வண்டி, கடற்கரைத் தெருவிலிருந்து கோவிந்தசாமி கொண்டுவந்து நிறுத்திய ஒரு சாம்பல் நிறக் கார். மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. முசியே குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, காந்தத்தை எடுத்தார். கதவில் விழுந்தது. கதவடியிலும் விழுந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கால் மிதியைத் தூக்கிப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, நெடுநேரம் இறங்கவில்லை.

அண்ணி இடுப்பில் சின்னப் பெண்ணோடு காபி கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். முசியே காபியைக் குடித்தார். குடித்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தார். அவன் வேட்டி நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு மழையில் நின்றான். கீழே இறங்கிய முசியே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாங்காது" என்றார். "மூணு வருஷம்கூட தாங்காது."

மூணு வருஷமா! அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு அதுவரை எந்த வண்டிக்கும் வந்ததில்லை. கோவிந்தசாமி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். "சவரி, உனக்கு அடிச்சுதுடா யோகம்!" அண்ணன் அழுதேவிட்டான். காந்தம் விழுந்ததைப் பற்றி நான் வாயெடுத்தேன். அண்ணி என்னை முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டேன்.

மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பக்கத்து வீட்டு அக்கா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். யாருடைய சாமியாக இருந்தாலும் சரி, வண்டி ஓடட்டும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. விழுப்புரம் சவாரி, கண்டமங்கலம் தாண்டும்போது பின்சீட்டில் இருந்த கனத்த அம்மாள் காலை அழுத்தி ஊன்ற, தரை பிய்த்துக்கொண்டது. செருப்பு ரோட்டில் போய்விட்டது. கால் போகாதது மாதா புண்ணியம். அந்த அம்மாள் பாதி வழியில் இறங்கிக்கொண்டு, அண்ணனின் ஏழு தலைமுறையையும் ஒற்றைச் செருப்போடு திட்டித் தீர்த்தாள். அன்று சாயங்காலம் அண்ணன் நேரே முசியேயின் அறைக்குப் போனான். அடித்துவிடுவானோ என்று நானும் பின்னால் ஓடினேன்.

"இன்னா முசியே இது? மூணு வருஷம்னு சொன்னீங்களே! என் குடியைக் கெடுத்துட்டீங்களே!"

"தாங்காதுன்னுதானேப்பா சொன்னேன்" என்றார் முசியே.

"ஊர் முழுக்க உங்க பேச்சை நம்பித்தான..." அண்ணன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முசியே அவனுக்கு ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலையில் டாக்சி ஸ்டாண்டில் பார்த்தால், பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை குடைமேல் தொங்குகிறது. பனியனோடு முசியே காருக்கு அடியில் கிடக்கிறார். பட்டாளத்துப் பச்சை நிறத்தில் ஒரு கெட்டித் தகரத்தை வெட்டி, ஓட்டையை அடைத்து ரிவிட் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து காந்தத்தை அதன்மேல் வைத்தார். கப்பென்று ஒட்டிக்கொண்டது.

"தகரம் ஏது முசியே?" என்றேன்.

"பழைய இரும்புக் கடை" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்துவிடுவார். பானட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டு, "இன்னைக்கு ஃபினி" என்பார். பிறகு எதையோ கழற்றுவார், துடைப்பார், முடுக்குவார். சில நாள் அவர் கைபட்டே இருந்த கோளாறு இரண்டாகும். அவர் ஒன்றும் மகா மெக்கானிக் இல்லை. ஆனால் விடமாட்டார். படியில் ஓட்டை என்றால் அங்கே ஒரு பச்சைத் தகரம், கதவடியில் ஓட்டை என்றால் அங்கே ஒன்று. சாம்பல் காருக்குப் பச்சை அம்மை போட்டமாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் ஓடியது, அடுப்பும் எரிந்தது.

ரேடியேட்டர் கொதிக்கும் என்பதால் தூரச் சவாரிக்குத் தண்ணீர் டின்னோடு முன்சீட்டில் அவரே ஏறிக்கொள்வார். ஒருமுறை பாகூரிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்தார்கள். வழி நெடுக முசியே இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு, "தாங்காது... ம்ஹும், தாங்காது..." என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறார். பின்சீட்டில் இருந்த மாமியார்க்காரி, டாக்டர்போலிருக்கிறது இந்தப் பெரியவர் என்று நினைத்து, "ஐயோ என் மருமவளே!" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். அந்தப் பெண்தான் வலியோடு வலியாக, "அவரு வண்டியைச் சொல்றாரு அத்தே, நீ சும்மா இரு!" என்று அதட்டினாளாம். ஆண் குழந்தை. அண்ணனுக்கு இனாமாக ஒரு பலாப்பழம் கிடைத்தது. முசியே சுளையைத் தின்றுகொண்டே, வண்டியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்.

அண்ணிதான் ஒருநாள் சோறு போட்டுவிட்டு நேராகவே கேட்டாள். "ஏன் முசியே, அன்னைக்குக் காந்தம் ஒட்டலியே. அப்புறம் ஏன் மூணு வருஷம்னு சொன்னீங்க?"

முசியே சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என் பேச்சுக்கு இந்த ஊர்ல இன்னா அர்த்தம் வச்சிருக்கானுங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா? அன்னைக்கு உன் ஊட்டுக்காரன் மூஞ்சைப் பார்த்தேன். நான் ஃபினின்னு சொன்னா அது வண்டியோட நிக்காதுன்னு தோணுச்சு. அவனும் முடிஞ்சிடுவான்." ஒரு வாய் சாப்பிட்டார். "சொல்லிட்டேன். சொன்னதுக்கு மூணு வருஷம் ஓட்டிக் காட்டணும்ல."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது. கேட்காதமாதிரி சாப்பிட்டோம்.

மூன்றாவது வருஷத்து ஐப்பசி மழையில் முசியே படுத்தார். நெஞ்சில் சளி. பெரிய ஆஸ்பத்திரியில் மாடி வார்டு. அண்ணன் தினமும் சாயங்காலம் வண்டியை அந்த ஜன்னலுக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுவான். நான் மேலே கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பேன். முசியே கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"சத்தம் சரியில்ல. அவனை ஆயில் பார்க்கச் சொல்லு."

"சொல்றேன் முசியே."

"மூணு வருஷம் ஆச்சா?"

"கார்த்திகை வந்தா ஆயிடும்."

"தாங்காது" என்றார். வண்டியைச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

கார்த்திகை பிறக்கவில்லை. அவர் போய்விட்டார்.

அவருக்குப் போட்டுவிட நல்ல சட்டை ஒன்று எடுக்க நானும் அண்ணனும் அவருடைய அறைக்குப் போனோம். கட்டிலுக்கு அடியில், சைகோனிலிருந்து கொண்டுவந்த பட்டாளத்து டிரங்குப் பெட்டி இருந்தது. பச்சை நிறம். மூடி இல்லை. ஒரு பக்கத் தகரமும் இல்லை. துணிகள் சரிந்துவிடாமல் ஒரு பழைய போர்வையைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். மேலே அந்தக் காந்தம். அண்ணன் பெட்டியின் வெட்டுப்பட்ட விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். நான் சட்டையைத் தேடி எடுத்தேன்.

அந்தப் பச்சைத் தகரம் போட்ட காரில்தான் அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனோம். சாவு வண்டி சொல்லியிருந்தார்கள், அண்ணன் விடவில்லை. மழை கொட்டியது. வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. வழியில் ஒரு இடத்திலும் கொதிக்கவில்லை.

கார்த்திகையும் வந்தது, மூன்று வருஷமும் ஆனது. வண்டி அதற்கப்புறமும் கொஞ்ச காலம் ஓடிவிட்டுத்தான் நின்றது. அண்ணன் வேறொரு வண்டி பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனான். முசியேயின் காந்தத்தை எடுத்து வைத்தான். கதவில் ஒட்டியது, அடியில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. கோவிந்தசாமிக்கு வாயெல்லாம் பல். அண்ணன் மட்டும் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"நல்ல வண்டிதான் அண்ணே, அப்புறம் இன்னா?" என்றேன்.

"தாங்காதுன்னு சொல்ல ஆளு இல்லியேடா" என்றான்.

நான் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். பின்சீட்டில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இறங்கி வந்து, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, என்னால் முடிந்தவரை அழுமூஞ்சியாகச் சொன்னேன்: "ஃபினி. மூணு வருஷம்கூட தாங்காது."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான்.